மூணு பூட்டு போட்ட சேமிப்புப் பெட்டி: சண்டையில எல்லாம் இழந்து ஊர் திரும்பினவங்களுக்கு இது எவ்ளோ தூரம் உதவுது?

முதல்ல பொருள் என்னன்னு சொல்லிடறேன். தகரத்துல செஞ்ச ஒரு பெட்டி, தூக்க கைப்பிடி, மூடியில மூணு கொண்டி, மூணுக்கும் தனித்தனி பூட்டு. உள்ள ஆளுக்கு ஒரு பாஸ்புக், ஒரு ரப்பர் ஸ்டாம்பு, மை பேடு, காசு எண்ணிப் போட பிளாஸ்டிக் கிண்ணம், சுருக்குப் பை ரெண்டு, கால்குலேட்டர், ஸ்கேல், பேனா. கிராம சேமிப்பு கடன் குழுன்னு சொல்றோமே, அதுக்கான கிட் மொத்தமே இவ்ளோதான்.

பாத்தா இதுல என்ன இருக்குன்னு தோணும். ஆனா சண்டையில வீடு வாசல், ஆடு மாடு, ஏர் கலப்பை எல்லாம் போய் கேம்ப்ல கிடந்துட்டு ஊர் திரும்பின ஜனங்களுக்கு வாழ்வாதாரம்னு பேர் வச்சு குடுக்கிற பொருட்கள்ல, ப்ராஜெக்ட் முடிஞ்சு என்ஜிஓ வண்டியெல்லாம் கிளம்பிப் போனதுக்கு அப்புறமும் புழக்கத்துல இருக்கிறதுன்னா நான் பாத்த வரைக்கும் இந்தப் பெட்டிதான். தையல் மிஷின் மூலையில துணி போத்தி நிக்கும், போர்டு துருப்பிடிச்சுப் போயிருக்கும், பெட்டி மட்டும் வாராவாரம் திறந்து மூடிட்டு இருக்கும். அதே நேரம் இதை எல்லா நோய்க்கும் மருந்து மாதிரி தூக்கிட்டுப் போய் தப்பான நேரத்துல இறக்கி குழு கலைஞ்சு போனதையும் பாத்திருக்கேன், அதனால ரெண்டு பக்கமும் எழுதறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

இது எங்கேர்ந்து வந்துச்சுன்னா நைஜர் நாட்டுல மராடின்னு ஒரு பகுதி, அங்க 1991ல கேர்ங்கற சர்வதேச உதவி அமைப்பு கிராமத்துப் பொம்பளைங்களோட சேர்ந்து ஆரம்பிச்சது. அந்தப் பெண்கள்ல பெரும்பாலானவங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால கணக்கே நோட்டு இல்லாம எல்லாரும் சேர்ந்து ஞாபகம் வச்சுக்கிற மாதிரிதான் அமைச்சிருந்தாங்க. பாஸ்புக், ஸ்டாம்பு எல்லாம் பின்னாடி சேர்ந்தது. இன்னைக்கு உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேல ஜனங்க இந்த மாதிரி குழுக்கள்ல இருக்காங்க, உகாண்டா, புருண்டி, காங்கோ, தெற்கு சூடான்னு சண்டை பாத்த நாடுகள்லயும் நல்லாவே பரவியிருக்கு. காரணம் ரொம்ப சிம்பிள், பேங்க் வராத எடத்துக்கும் இது வரும். பேங்க் திரும்ப வரணும்னா ரோடு, கரண்ட், பாதுகாப்பு, அடமானத்துக்கு நிலப் பத்திரம் எல்லாம் வேணும். ஊர் திரும்பினவங்ககிட்ட பத்திரம் எங்க இருக்கும், பாதி பேருக்கு அடையாள அட்டையே இருக்காது.

சரி, எப்டி வேலை செய்யுதுன்னு பாப்போம், ஏன்னா பெட்டியை விட அதைத் திறக்கிற முறைதான் இதுல விஷயம்.

15லேர்ந்து 25 பேர் வரைக்கும் தாங்களே ஒருத்தரை ஒருத்தர் தேர்ந்தெடுத்துக் குழுவா சேருவாங்க. தலைவர் ஒருத்தர், கணக்கு எழுத ஒருத்தர், பெட்டியை வீட்டுல வச்சுக்க ஒருத்தர், காசு எண்ண ரெண்டு பேர். சாவி வச்சிருக்கிற மூணு பேர் இந்த அஞ்சு பேர்ல வரவே கூடாது, அவங்க சாதாரண உறுப்பினர்கள்லேர்ந்துதான் வரணும். அதாவது பெட்டி ஒரு வீட்டுல, சாவிகள் வேற மூணு வீட்டுல. கூட்டம் நடக்கிற அன்னைக்கு மூணு பேரும் வந்தாத்தான் பெட்டி திறக்கும், எல்லார் கண்ணு முன்னாடியும் மட்டும்தான் திறக்கும்.

திறந்ததும் பாஸ்புக்கு குடுப்பாங்க, பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, நம்பர் சொல்லித்தான். ஏழாம் நம்பர்னு கூப்பிட்டா அந்தம்மா எழுந்து வந்து காசை எண்றவங்க கையில குடுக்கும், அவங்க சத்தமா எண்ணி கிண்ணத்துல போடுவாங்க, எத்தனை ஷேர், அதாவது சேமிப்புப் பங்கு, வாங்கினாங்களோ அத்தனை ஸ்டாம்பு பாஸ்புக்ல விழும். ஒரு கூட்டத்துக்கு ஒண்ணுலேர்ந்து அஞ்சு ஷேர் வரைக்கும் வாங்கலாம், ஒரு ஷேர் எவ்ளோன்னு வருஷ ஆரம்பத்துல குழுவே முடிவு பண்ணிக்கும். மூணு ஷேர்தான் வாங்கினாங்கன்னா மிச்ச ரெண்டு கட்டத்துலயும் ஸ்கேல் வச்சு கோடு போட்டுடுவாங்க, அப்புறம் யாரும் அதுல கை வைக்க முடியாது. கணக்குப் புள்ளி வராதவங்களுக்கும் ஸ்டாம்பை விரல் வச்சு எண்ணத் தெரியும் இல்லையா, அந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த டிசைனை பண்ணினவங்களுக்கு ஒரு கும்பிடு போடணும். கடைசியில மிச்சம் எவ்ளோன்னு எல்லாரும் சேர்ந்து சத்தமா சொல்லிட்டுத்தான் பூட்டுவாங்க, அடுத்த கூட்டத்துல திறக்கும்போது பெட்டியில இருக்கிற காசு அந்த நம்பரோட ஒத்துப் போகணும். பாஸ்புக்கு வீட்டுக்குப் போகாது, பெட்டிக்குள்ளயேதான் இருக்கும், அதனால வீட்டுல உக்காந்து ஒரு ஸ்டாம்பு கூட அடிச்சுக்க வழி இல்ல.

சேர்ந்த காசு உறுப்பினர்களுக்கே லோனா போகும். அவங்கவங்க சேமிப்பு மாதிரி மூணு மடங்கு வரைக்கும் வாங்கலாம், மூணு மாசத்துக்குள்ள கட்டணும், மாச வட்டி எவ்ளோன்னு குழுவே வைக்கும். வட்டி சில குழுக்கள்ல கேக்க அதிகமாத்தான் இருக்கும், ஆனா அது எந்த முதலாளி பாக்கெட்டுக்கும் போறதில்ல. 9லேர்ந்து 12 மாசம் ஒரு சுழற்சி, அது முடிஞ்சதும் பெட்டியில இருக்கிறது மொத்தத்தையும் ஷேர் கணக்குப்படி பிரிச்சுக் குடுத்துட்டு பெட்டியைக் காலி பண்ணிடுவாங்க. அதுதான் இந்த சிஸ்டத்தோட உயிர்நாடின்னு நான் நினைக்கிறேன். சீட்டுல ஒருத்தர் முதல்லயே எடுத்துட்டு ஓடிடுவாரோன்னு பயம் இருக்கும், இங்க வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாமே வெளிய வந்து எல்லார் முன்னாடியும் எண்ணப்படுது, கணக்குல கோளாறு இருந்தா அன்னைக்கே தெரிஞ்சு போகும்.

இன்னொரு சுருக்குப் பை இருக்கே அது ஆபத்து நிதி. எல்லாரும் ஒரே அளவு சின்னத் தொகை போடுவாங்க, யார் வீட்டுலயாவது சாவு, பிரசவம், திடீர் காய்ச்சல்னா அதுலேர்ந்து வட்டி இல்லாம குடுப்பாங்க, சில நேரம் திருப்பிக் கேக்கவே மாட்டாங்க. ரெசிலியன்ஸ் ரெசிலியன்ஸ்னு, அதாவது அடி விழுந்தாலும் தாங்கி எழற சக்தின்னு, மீட்டிங்ல பேசறாங்களே, எனக்கு அது கண்ணுல தெரிஞ்ச எடம் இந்தச் சின்னப் பைதான். சண்டை பாத்த குடும்பத்தை மறுபடி குப்புறத் தள்றது பெரும்பாலும் இன்னொரு சண்டை இல்ல, ஒரு ஆஸ்பத்திரிச் செலவு. அந்தச் செலவுக்கு அப்பத்தான் வாங்கின ஆட்டை வித்துடுவாங்க, இல்ல விதைக்கு வச்சிருந்ததை வித்துடுவாங்க, அடுத்த பருவம் நிலம் தரிசா கிடக்கும். அந்த விற்பனையை நிறுத்த ஒரு சின்னத் தொகை போதும், ஆனா அது அதே நாள்ல கைக்கு கிடைக்கணும்.

சண்டை முடிஞ்ச ஊருக்கு இது பொருந்துறதுக்கு இன்னொரு காரணம் நம்பிக்கை பத்தினது. இந்த மாதிரி ஊர்ல பக்கத்து வீட்டுக்காரரை நம்பறது அவ்ளோ சுலபம் இல்ல. யாரு யாரைக் காட்டிக் குடுத்தா, யாரு வீட்டுச் சாமான் யாரு வீட்டுல இருக்குன்னு எல்லாருக்கும் மனசுல ஒரு கணக்கு இருக்கும். மூணு பூட்டுல என்ன அழகுன்னா, யாரையும் நம்ப வேண்டிய அவசியமே இல்லாம சேர்ந்து வேலை செய்ய ஆரம்பிக்கலாம். நம்பிக்கை வந்ததுக்கு அப்புறம்தான் குழுன்னு காத்திருந்தா அது வரவே வராது, பூட்டு இருக்குங்கற தைரியத்துல வாராவாரம் ஒண்ணா உக்காந்து காசு எண்ண ஆரம்பிச்சா, கொஞ்ச நாள்ல இவங்க வீட்டு ஆபத்துக்கு அவங்க கை தூக்கி சரி குடுங்கன்னு சொல்றது நடக்குது. சேர்ந்து இருங்க சமாதானமா இருங்கன்னு ஹால்ல உக்கார வச்சு கிளாஸ் எடுக்கிறதை விட இது எவ்வளவோ மேல்.

இப்ப குறைங்க. இதுதான் முக்கியம், வாங்கிக் குடுக்கப் போறவங்க தயவு செஞ்சு இதைப் படிங்க.

பெரிய குறை, வெறும் கையோட வந்தவங்களுக்கு இந்தப் பெட்டி முதல் பொருளா வரக்கூடாது. சேமிக்கணும்னா முதல்ல வருமானம்னு ஒண்ணு வேணும். மழை பெய்யாத நிலத்துல விதை போட்டுட்டு முளைக்கலன்னு நிலத்தைத் திட்டற மாதிரி, கூரை கூட போடாத குடும்பத்துகிட்ட வாராவாரம் ஷேர் வாங்குங்கன்னு சொல்லிட்டு அப்புறம் ரிப்போர்ட்ல இவங்களுக்கு சேமிப்புப் பழக்கம் இல்லன்னு எழுதறாங்க, அதைப் படிக்கும்போது எனக்கு நிஜமாவே கோவம் வரும். முதல்ல கையில காசு குடுங்க, இல்ல ஒரு சொத்து குடுங்க, சாப்பாட்டுக்கு சில மாசம் தாங்கற மாதிரி ஏற்பாடு பண்ணுங்க, பெட்டி அதுக்கு அடுத்தது.

இதுக்கு ஆதாரம் இல்லாம சொல்லல. வட உகாண்டாவுல நீண்ட நாள் சண்டைக்கு அப்புறம் 2008ல அரசாங்கம் இளைஞர் குழுக்களுக்கு தொழில் ஆரம்பிக்க மொத்தமா பணம் குடுத்துச்சு, குழுவுக்கு சுமார் 7,500 டாலர், ஆளுக்குப் பிரிச்சா 382 டாலர் மாதிரி. நாலு வருஷம் கழிச்சுப் பாத்தா பணம் கிடைச்சவங்க வருமானம் கிடைக்காதவங்களை விட 38 சதவீதம் அதிகம், தொழில்ல இருக்கிற மூலதனம் 57 சதவீதம் அதிகம். குடிச்சு அழிச்சிடுவாங்க, ஊதாரித்தனம் பண்ணுவாங்கன்னு பயந்ததெல்லாம் நடக்கல. ஆனா அதே ஆளுங்களை ஒன்பது வருஷம் கழிச்சுப் பாத்தப்போ பணம் கிடைக்காதவங்களும் வருமானத்துல எட்டிப் பிடிச்சிட்டாங்க. அதாவது முதல் தொகை நல்ல தள்ளு குடுக்குது, அந்த வேகம் தானா நீடிக்காது. அதைத் தக்க வைக்கிற எடத்துலதான் மாசா மாசம் சின்ன லோன், ஆபத்துக்கு ஒரு பைன்னு இந்தப் பெட்டிக்கு வேலை இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

வங்கதேசத்துல பிராக்ங்கற தொண்டு நிறுவனம் 2002லேர்ந்து ரொம்ப ஏழைக் குடும்பங்களுக்கு இதையெல்லாம் கோர்த்து ஒரு திட்டமா பண்ணாங்க, ஒரு சொத்து, சில மாசத்துக்கு சாப்பாட்டுச் செலவு, பயிற்சி, சேமிப்பு, வீட்டுக்கே வந்து விசாரிக்கிற ஆள். அதே மாதிரி ஆறு நாட்டுல செஞ்சு பாத்த ஆய்வு 2015ல வந்துச்சு, திட்டம் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சும் பலன் நீடிச்சுதுன்னு சொல்லுச்சு. அதுல சேமிப்பு ஒரு அங்கம், அது மட்டுமே திட்டம் இல்ல.

பெட்டியை மட்டும் தனியா வச்சுப் பாத்தா? 2017ல கானா, மலாவி, உகாண்டா மூணு நாட்டுல நடந்த பெரிய ஆய்வு வெளிவந்துச்சு. சேமிப்பு, கடன் வசதி கூடியிருக்கு, வீட்டுத் தொழில் தேறியிருக்கு, பெண்களுக்கு வீட்டுல பேச்சு செல்லுது. ஆனா சராசரியா குடும்பச் செலவு, சாப்பாடு கூடினதுக்கு ஆதாரம் கிடைக்கல. எனக்கு இது ஆச்சரியமா இல்ல, பெட்டி காசை உருவாக்காது, இருக்கிற காசை சரியான நேரத்துல சரியான கைக்கு நகர்த்தும், அவ்ளோதான் அதோட வேலை.

ரெண்டாவது, வெளிக் காசைப் பெட்டிக்குள்ள போடாதீங்க. மேல முதல்ல காசு குடுங்கன்னு சொன்னேன், அதைக் குடும்பத்து கையில குடுங்க, பெட்டியில இல்ல. ஒரு எடத்துல நல்லா ஓடிட்டு இருந்த குழுவுக்கு ஊக்கத்தொகைன்னு ஒரு பெரிய தொகையை நேரா பெட்டிக்குள்ள வச்சுட்டுப் போனாங்க. லோன் திரும்பி வர்றது அன்னையோட நின்னுச்சு. அதுவரைக்கும் ஏழாம் நம்பர் கட்டலன்னா அது எட்டாம் நம்பரோட காசு, கேக்க உரிமை இருந்துச்சு. வெளிக் காசு வந்ததும் அது யாரோட காசும் இல்லன்னு ஆயிடுச்சு. அதுக்கப்புறம் அடுத்த தொகை எப்ப வரும்னு கேக்கத்தான் கூட்டத்துக்கு வந்தாங்க.

மூணாவது, விலைவாசி. சண்டை நடக்கிற நாட்டுல பணத்தோட மதிப்பு கரையும், 2016ல தெற்கு சூடான்ல விலைகள் ஒரே வருஷத்துல பல மடங்கு ஏறுச்சு. அந்த மாதிரி நேரத்துல வருஷம் பூரா காசா சேத்து வச்சா பிரிக்கும்போது பாதி கூட வாங்க முடியாது. இதுக்கு பெட்டியில விடை இல்ல, நடத்துற விதத்துல இருக்கு. சுழற்சியைக் குறைச்சு ஒரு பருவத்துக்குள்ள முடிச்சிடணும், வந்த காசை அன்னைக்கே லோனா வெளிய விட்டுடணும், சில குழுக்கள் அறுவடை நேரத்துல தானியமா வாங்கி வச்சு விலை ஏறும்போது பிரிச்சுக்கிறாங்க, அது நல்ல யோசனை, ஆனா பூச்சி புடிக்காம வைக்க எடம் வேணும்.

லோனா வெளிய விடறதுல இன்னொரு லாபமும் இருக்கு. துப்பாக்கி வச்சிருக்கிறவன் நடமாடுற ஊர்ல காசு நிறைஞ்ச பெட்டி அந்த வீட்டுக்கே ஆபத்து. மூணு பூட்டு உள்ள இருக்கிறவங்க ஏமாத்தாம இருக்கத்தான், வெளியேர்ந்து கோடாலியோட வர்றவனுக்கு அந்தத் தகரம் ஒரு நிமிஷம் தாங்காது. கூட்டம் முடியும்போது பெட்டியில பாஸ்புக்கு மட்டும் இருந்தா பெட்டியை வச்சிருக்கிற அம்மா நிம்மதியா தூங்கும். பெட்டி எந்த வீட்டுல இருக்குங்கறதையும் அடிக்கடி மாத்தறது நல்லது. பிரிக்கிற நாள்தான் ரொம்ப ஆபத்து, அன்னைக்கு தேதியை ஊரெல்லாம் தெரியற மாதிரி பேனர் கட்டி விருந்தாளிங்களை வரவழைச்சு போட்டோ எடுக்கிற வழக்கத்தை இந்த மாதிரி எடத்துல அறவே விட்டுடணும்.

மறுபடி ஓட வேண்டி வந்தா? இதை ட்ரெயினிங்ல யாரும் பேசறதில்ல, அபசகுனம்னு நினைக்கிறாங்களோ என்னவோ. பாஸ்புக் எல்லாம் பெட்டிக்குள்ள, பெட்டி எரிஞ்சா யாருக்கு எவ்ளோங்கறதுக்கு சாட்சியே இல்ல. என் அபிப்ராயம், விதிமுறை எழுதும்போதே நிலைமை மோசமானா உடனே கூட்டம் போட்டு பிரிச்சுடறதுன்னு ஒரு விதி வேணும், யார் முடிவு பண்றது, எத்தனை பேர் இருந்தா போதும், சாவி வச்சிருக்கிறவர் ஏற்கெனவே கிளம்பிட்டா பூட்டை உடைக்கலாமான்னு எல்லாம் முன்கூட்டியே பேசி வச்சிடணும். கூட்டம் முடிஞ்சதும் ஒவ்வொரு பாஸ்புக்கோட பக்கத்தையும் போன்ல போட்டோ எடுத்து ரெண்டு மூணு பேர்கிட்ட வச்சா இன்னும் நல்லது.

பெண்கள் விஷயத்துல ஒண்ணு சொல்லணும். பொம்பளை கையில காசு வந்தா வீட்டுல தகராறு வருமான்னு கேப்பாங்க. ஐவரி கோஸ்ட்ல கிராமப்புறத்துல ஒரு ஆய்வு நடத்தினாங்க, 2013ல வெளிவந்துச்சு. சேமிப்புக் குழுவோட கூட கணவன் மனைவி ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து வீட்டுச் செலவு, முடிவு எடுக்கிறது பத்திப் பேசற கூட்டங்களையும் நடத்தினப்போ, மனைவியோட காசைப் பிடுங்கறது, கைச்செலவுக்கு விடாம வைக்கிறது மாதிரி கொடுமைகள் குறைஞ்சிருக்கு. அதனால பெட்டியை மட்டும் இறக்கிட்டுப் போகாம வீட்டு ஆம்பளைங்களையும் கூப்பிட்டுப் பேசுங்க, அதுக்கு நேரம் ஒதுக்குங்க. மனசுல பட்ட காயத்துக்கும் பெட்டி மருந்து இல்ல. கிழக்கு காங்கோவுல பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு குழுவா உக்கார வச்சு முறையான மனநல சிகிச்சை குடுத்து அது நல்லா வேலை செஞ்சதுன்னு 2013ல ஆய்வு வந்திருக்கு, அந்த சேவை தனியா வேணும், சேமிப்புக் கூட்டத்துல அழுது தீத்துக்கட்டும்னு விட முடியாது.

அப்புறம் தாங்களே தேர்ந்தெடுத்து சேர்ந்துக்கலாம்ங்கறதுல ஒரு வலி இருக்கு. ஊர்லயே ரொம்ப நலிஞ்ச வீடு, தனியா இருக்கிற வயசானவங்க, கை கால் இழந்தவங்க, எந்தப் பக்கம் இருந்தாங்கன்னு சந்தேகப்படற குடும்பம், இவங்களை யாரும் கூப்பிட மாட்டாங்க. கட்டாயப்படுத்தி சேத்தா குழு உடையும். ஷேர் விலையை ரொம்பக் குறைச்சலா வச்சு அவங்க தங்களுக்குள்ள ஒரு குழு ஆரம்பிக்க உதவினா கொஞ்சம் நடக்குது, அவங்களுக்கு நேரடி உதவித்தொகை தொடரணும், அதை நிறுத்திட்டு பெட்டியைக் கையில குடுக்கிறது அநியாயம்.

மத்த பொருட்களோட ஒப்பிடச் சொன்னா, விதை மூட்டை பத்தி மட்டும் சொல்றேன். வருஷா வருஷம் வெளியேர்ந்து விதை கொண்டு வந்து இறக்கற பழக்கம் இன்னும் போகல. 2016ல வந்த ஒரு ஆய்வுல ஆப்பிரிக்காவுல அஞ்சு நாடும் ஹைட்டியும் சேத்து விவசாயிகள்கிட்ட கேட்டப்போ அவங்க விதையில 90 சதவீதம் அக்கம்பக்கம், சொந்த சேமிப்பு, சந்தை வழியாத்தான் வருது, சந்தையிலேர்ந்து மட்டுமே பாதி. பெரும்பாலும் விதை ஊர்ல இருக்கு, வாங்க காசுதான் இல்ல. அதனால பெட்டி பிரிக்கிற நாளை விதைப்புக்கு சில வாரம் முன்னாடி வர்ற மாதிரி சுழற்சியை ஆரம்பிச்சாங்கன்னா விதை, உழவுக் கூலி எல்லாம் அவங்களே பாத்துக்கிறாங்க, தங்களுக்குப் பிடிச்ச ரகத்தை வாங்கறாங்க.

ரேட்டிங் கேட்டீங்கன்னா 5க்கு 4. வெறும் பெட்டியை மட்டும் குடுத்துட்டுப் போற திட்டத்துக்கு 2 கூட அதிகம்.

வாங்கறவங்களுக்கு சில விஷயம். பெட்டியை தூரத்துலேர்ந்து வரவழைக்காதீங்க, பக்கத்து டவுன்ல இருக்கிற வெல்டர்கிட்ட செய்யச் சொல்லுங்க, கொண்டி பிஞ்சா அவரே ஒட்டிக் குடுப்பாரு. பூட்டு மூணும் வேற வேற சாவியான்னு கடையிலயே மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க, மலிவு பூட்டுல ஒரே சாவி ரெண்டைத் திறக்கும், அப்டி இருந்தா மொத்த ஏற்பாடும் வீண். ரெண்டாவது சாவின்னு கூட வர்றதை ஆபீஸ்ல வச்சுக்காதீங்க, குழு முன்னாடி பேசி அதை யார்கிட்ட வைக்கிறதுன்னு அவங்களே முடிவு பண்ணட்டும். மை பேடு வெயில்ல காஞ்சு போகும், ஒரு மை பாட்டில் கூட வாங்கிப் போடுங்க. கிட்டுக்கான காசை முடிஞ்சா குழுவே தவணையில கட்டட்டும், அவங்க காசுல வாங்கின பெட்டியை அவங்க தூக்கிப் போட மாட்டாங்க, ரெண்டாவது சுழற்சிக்கு பாஸ்புக்கு எங்க கிடைக்கும்ங்கற கடை விவரத்தையும் முதல் நாளே குடுத்துடுங்க.